கம்பியிலா, கண்ணிலா

இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்ட வாங்க. எட்ட உட்கார்ந்து கேட்கிற சமாச்சாரம் இல்லை இது. தலைமயிரைவிட மெல்லிசான ஒரு கம்பியைப் பற்றிய பேச்சு, நான் குரலை உசத்தினால் அறுந்துபோகும். கோயமுத்தூரில் சின்னவேடம்பட்டிப் பக்கம், ரெண்டு பவுண்டரிக்கும் ஒரு மோட்டார் பட்டறைக்கும் பின்னால் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே கலாமணி என்று ஒருத்தி. நாற்பதைத் தாண்டினவள். அவளுக்கு வேலை அந்தக் கம்பியைப் பார்ப்பது. பார்ப்பது என்றால் வெறும் பார்ப்பதுதான், தொடக்கூடாது. இந்தப் பக்கம் கம்பி சுற்றின சுருள், அந்தப் பக்கம் காலிச் சுருள், நடுவில் ரெண்டு சின்னச் சக்கரம். கம்பி சக்கரத்தின் மேல் ஏறி, ரெண்டு கண்ணையும் வைத்துப் பார்க்கிற பூதக்கண்ணாடிக் குழாய்க்கு அடியில் மெதுவாகப் போய், அந்தப் பக்கம் சுற்றிக்கொள்ளும். உள்ளே டங்ஸ்டன், பல்புக்குள் எரியுமே அது. மேலே தங்க முலாம். எங்கேயோ விஞ்ஞானிகள் ஒரு பெரிய பெட்டிக்குள் இந்தக் கம்பியை வீணைத் தந்தி மாதிரி வரிசை வரிசையாகக் கட்டி, மின்சாரம் ஏற்றி வைப்பார்களாம். கண்ணில் படாத துகள் ஒன்று ஊடே பறந்தால் எந்தக் கம்பி சிலிர்த்தது என்று பார்த்து அது போன தடத்தைச் சொல்லிவிடுவார்களாம். அத்தனை கம்பியில் ஒன்றே ஒன்றில் பொட்டுத் தூசி இருந்தாலும் அங்கே பொறி அடிக்கும், பெட்டியே சாகும், பிறகு கட்டினது எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியதுதான். இதைச் சொன்னது சூப்பர்வைசர் நாச்சிமுத்து. சொல்லிவிட்டு, "அதனால கண்ணு முக்கியம், அம்முணி" என்றார். அவர் எதைச் சொன்னாலும் அதில்தான் வந்து முடிப்பார்.

அன்றைக்கு ஆயுத பூஜை லீவு முடிந்து மறு வேலைநாள், காலை நேரம். புள்ளி மறுபடி வந்தது. புள்ளி என்றுகூடச் சொல்வதற்கில்லை, மினுமினுவென்று போய்க்கொண்டிருந்த பொன்னிழையில் ஒரு மங்கல், மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி, வந்தது தெரிவதற்குள் போய்விட்டது. கால் மிதிமேல் இருந்தது, அழுத்தினால் மிஷின் நின்றுவிடும், கால் அழுத்தவில்லை. கம்பியிலா, கண்ணிலா. இதைக் கண்டுபிடிக்க ஒரு வித்தையும் வேண்டாம், இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்த்தால் போதும், அப்பவும் மங்கல் வந்தால் கம்பியில் இருக்கிறது, வராவிட்டால் அவளிடம் இருக்கிறது. ஒரு இமையை இறக்குகிற வேலை. அந்த இமை இறங்கமாட்டேன் என்றது. அடுத்த தடவை வரட்டும், அப்பப் பார்க்கலாம் என்றது மனசு. வந்தது. சரி, அதற்கும் அடுத்த தடவை. ஏசி மெஷின் ஒரே சுருதியில் இரைந்தது. உள்ளே பூ வைக்கக்கூடாது, பவுடர் போடக்கூடாது, வளையல் கூடாது என்பதால் அந்த அறையில் எல்லாப் பொம்பளைகளும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள், அவளும் அப்படித்தான், வெள்ளைத் தொப்பிக்குள் தலையைத் திணித்துக்கொண்டு. இடது கண்ணின் ஓரத்தில் புகை. அது எப்போது வந்தது என்று யோசித்தால் வந்த நாளே பிடிபடவில்லை, கரண்ட் போனால் போன நேரம் தெரியும், இது அப்படி இல்லை, சாயங்காலம் இருட்டுகிற மாதிரி. சரவணம்பட்டிப் பஸ்ஸில் ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழுந்து கசக்கும்போதுதான் பார்த்தாள், சில்லறை கொடுத்த கண்டக்டருக்கு மூஞ்சியில் ஒரு பக்கம் இல்லை. கையை எடுத்தால் முழு மூஞ்சி, மூடினால் முக்கால். அவர் அந்த முக்கால் மூஞ்சியோடே, "எங்கம்மா எறங்கோணும்?" என்றார். எங்கே இறங்க வேண்டும் என்று அவளுக்குச் சட்டென்று வரவில்லை.

அப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும், அவர் சொன்னதே இல்லை. அப்பன் பஸ் ஸ்டாப்பில் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு நிற்பார், வண்டி வளைவில் திரும்பும்போதே, "இது நம்மளது இல்லைங், இதுக்கு கியர் உழுகறப்ப தொண்டை கட்டும்" என்பார். அடுத்தது வரும்போது, "இதுதான், ஏறுங்க." ஊரே மெச்சியது. நாச்சம்மா மகனுக்கு என்ன காது, வண்டியைக் குரலை வைத்தே சொல்றானே என்று. அப்பனும் சிரித்துக்கொள்வார். போர்டு தெரியாமல்தான் அவர் காதை வளர்த்தார் என்பது யாருக்கும் தோன்றவில்லை, பெற்ற மகளுக்கே தோன்றவில்லை. சட்டையை ரெண்டு தடவை உள்புறம் வெளியே போட்டுக்கொண்டு கிளம்பினார், வயசு என்று விட்டார்கள். பிறகு ஒரு நாள் பகல் சோற்றுக்கு உட்கார்ந்தவர், "வெளக்குப் போடலியா கண்ணு?" என்றார். வாசலில் வெயில் தீயாக எரிந்துகொண்டிருந்தது. அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கலாமணி எழுந்து போய் விளக்கைப் போட்டாள், அது இப்போதும் நினைவில் இருக்கிறது, வெயிலில் ட்யூப்லைட் கண்சிமிட்டி எரிந்தது, அப்பன் "ம்" என்றார், சாப்பிட்டார். கண்ணாஸ்பத்திரியில் டாக்டர், "ரண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா, இருக்கறதையாவது நிறுத்தி வெச்சிருக்கலாங்க" என்றார். அதற்கு அப்பன், "ரண்டு வருசம் முன்னாடி எனக்கு நல்லாத்தானுங்க தெரிஞ்சுது" என்றார், கொஞ்சம் கோபமாகவே. மங்கல் வந்தது. போனது. இப்போது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த மாதிரி இருந்ததோ. காலையில் முடித்த முதல் சுருளிலும் இது வந்துகொண்டேதான் இருந்தது. அதைப் பாஸ் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, பக்கத்து மேஜையில் இதே மாதிரிக் குழாயில் பார்க்கிற மரகதத்திடம் கொடுத்தாயிற்று. அவள் தன் சுருளோடு சேர்த்து டப்பாவில் வைத்து மூடியிருப்பாள். கண்ணில் இருக்கிற குறைக்குக் கம்பியை எப்படித் தள்ளுவது? நல்ல பொருளைத் தள்ளினால் அது பாவம் இல்லையா, இப்படித்தான் அப்போது மனசு பேசியது, ரொம்ப நியாயமாகப் பேசியது.

நாளைக்கு இல்லை, இன்றைக்கே, இன்னும் கொஞ்ச நேரத்தில், கண் சோதனைக்காரர்கள் வந்துவிடுவார்கள். வருசா வருசம் ஒரு கண்ணாஸ்பத்திரியிலிருந்து வந்து சாப்பாட்டுக் கொட்டகையில் அட்டையைத் தொங்கவிட்டு ஆளுக்கு ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பார்கள். கடைசி வரி படிக்காதவர்கள் பூதக்கண்ணாடி முன்னால் உட்காரக்கூடாது, பேக்கிங்குக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் முலாம் போடுகிற தொட்டிப் பக்கம். போன வருசம் வரிசையில் நிற்கும்போதே முன்னால் நின்ற மரகதம் கடைசி வரியைப் படித்தது காதில் விழுந்தது. ந, ழ, ட, ற. ப, ல, க, ஞ. காதில் விழுந்தது என்று சொல்வது பாதிதான் உண்மை, காதை நீட்டி வாங்கிக்கொண்டாள். தன் முறை வந்தபோது இடது கண்ணுக்குக் கடைசி வரி கோலமாவு கொட்டின மாதிரிக் கிடந்தது, வாய் மட்டும் படித்தது, கடகடவென்று. "சூப்பருங்கக்கா" என்றது அட்டை காட்டின பொண்ணு. அதே அட்டைதான் இந்த வருசமும் வரும், ஓரத்தில் டீக் கறையோடு. அதை விட்டால் வேறு அட்டை அவர்களிடம் இல்லை. மறந்துவிடக்கூடாதே என்றுதான் ராத்திரி அரிசி கழுவும்போதும் காலையில் தண்ணீர் பிடிக்கும்போதும் அதை ஒரு பாட்டாக ஆக்கி வைத்திருந்தாள். ந-ழ-ட-ற, ப-ல-க-ஞ. ழ-வை இழுத்து, ற-வில் ஒரு தட்டு. எல்லாம் இந்த நாற்காலிக்காக. மில்லில் இருந்தபோது நின்றே கால் வீங்கியது, பஞ்சு மூக்கில் ஏறி இருமல். பஸ்ஸில் நின்றுதான் வருவாள். வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலி வீட்டுக்காரருடையது, அவர் இல்லாதபோதும் அவருடைய துண்டு அதில் உட்கார்ந்திருக்கும். கல்யாண வீடுகளில் பரிமாறுகிற கூட்டத்தில் இருப்பாள், பந்தியில் உட்கார வேண்டும் என்று யாரும் கையைப் பிடித்து இழுத்ததில்லை. இந்த நாற்காலி அவள் உயரத்துக்கு ஏற்றி முடுக்கி வைத்தது, வேறு யார் உட்கார்ந்தாலும் கண் குழாய்க்கு எட்டாது. ஒரு நாள் மொதலாளி வந்தபோதுகூட, எழுந்திருக்காதீங்க, வேலை நடக்கட்டும் என்றார். மொதலாளி நின்றார், அவள் உட்கார்ந்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சின்னதாகிவிடும்.

"என்னக்கா, வாய் முணுமுணுக்குது? சாமி கும்புடறீங்களா, எங்களத் திட்டறீங்களா?" என்றாள் மரகதம். "உன்னையத்தான் திட்டறேன்." "பேரு சொல்லித் திட்டுங்கக்கா. பொதுவாத் திட்டுனா நாச்சிமுத்தண்ணன் தனக்குன்னு எடுத்துக்குவாரு." அந்தக் கோடியில் சுருள் எண்ணிக்கொண்டிருந்த நாச்சிமுத்து தலையைத் தூக்காமல், "எனக்குன்னு வர்றதை நான் எதுக்கு உடறேன்" என்றார். மரகதம் சிரித்தாள், கலாமணியும் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தாள், சிரித்ததில் குழாய் கொஞ்சம் அசைந்தது. மறுபடி பாட்டு. ந-ழ-ட-ற. மங்கல். ப-ல-க-ஞ. சோதனைக்காரப் பொண்ணு இந்த வருசம் குறுக்கே கேட்டால்? மூணாவது எழுத்து சொல்லுங்க என்றால்? சொல்லலாம், பாடிக்கொண்டே போய் மூணாவதில் நிறுத்தினால் ஆயிற்று. ந-ழ-ட-ற. மங்கல். அப்பனுக்கும் பஸ் எல்லாம் ஒரு பாட்டாகத்தான் கேட்டிருக்கும், வரிசையாக, எதற்கு அப்புறம் எது என்று. புது வண்டி ஒன்று விட்டார்கள், அதன் குரல் பாட்டில் இல்லை, அன்றைக்குத்தான் துடியலூர் போக வேண்டியவர் அன்னூரில் போய் நின்றார். ந-ழ-ட-ற. மங்கல். ப-ல-க-ஞ. கை நின்றது. கை அங்கே எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை, மடியில்தான் கிடந்தது, ஆனாலும் நின்றது என்றுதான் அவளுக்குப் பட்டது. இன்னொரு தடவை பாடிப் பார்த்தாள், பாட்டை மாற்றவில்லை, வேகத்தையும் மாற்றவில்லை. பாட்டு எப்போதோ சக்கரத்தின் முனகலோடு தானே ஒட்டிக்கொண்டிருந்தது, உரலுக்குப் பக்கத்தில் தூங்கும் பிள்ளையின் மூச்சு உலக்கையோடு ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. சக்கரம் ஒரு சுற்று, பாட்டு ஒரு சுற்று. ந. ழ. ட. ற-வில் வந்து விழுந்தது மங்கல். தட்டு விழுகிற அதே இடத்தில். திரும்பவும். திரும்பவும் ற. கண்ணில் இருக்கிற புகைக்குத் தாளம் தெரியாது. அது இருந்தால் இருக்கும், அலைந்தால் அலையும், ற-வுக்காகக் காத்திருந்து வராது.

மிதியை அழுத்தினாள். கம்பி நின்றது. அப்புறம்தான் இமை இறங்கியது, இடது இமை, எவ்வளவு லேசாக இறங்கியது. வலது கண்ணால் மட்டும் பார்த்தபோதும் மங்கல் அங்கேயே கிடந்தது, பொன்மேல், பவுடர் மாதிரி, பொன் நிறத்துக்குப் பக்கத்து நிறத்தில். கண்ணில் இல்லை, கம்பியில். மனசில் ஒரு குளிர்ச்சி பரவியது, ஆஸ்பத்திரி வாசலில் வேறு யாருக்கோ அழுகிறார்கள் என்று தெரிந்தால் வருமே, வெட்கம் கலந்த ஒரு குளிர்ச்சி. கைக்கண்ணாடியை எடுத்துச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். கம்பி ஓடுகிற பள்ளத்தில், ஒரே ஒரு இடத்தில், காய்ந்த சந்தனம். சந்தனத்தைப் பார்த்ததும் வாசனை வந்தது, காய்ந்ததற்கு ஏது வாசனை, ஆனாலும் வந்தது, கூடவே தன் விரலும் நினைவுக்கு வந்தது. பூஜை அன்றைக்கு அறைக்குள் ஒன்றும் கூடாது, வாசல் நிலைக்கு மட்டும் என்பது சட்டம். நிலைக்கு வைத்தாயிற்று, பொரி கொடுத்தாயிற்று, எல்லாரும் கிளம்பியாயிற்று. மோதிர விரலில் மிச்சம் இருந்தது. கதவு வழியாக மிஷினைப் பார்த்தாள், வெளியே கிடக்கிற கைவண்டிக்குக்கூடப் பொட்டும் மாலையும் இருக்கிறது, வருசம் பூராவும் சோறு போடுகிறது, இது மொட்டை நெற்றியோடு நிற்கிறதே. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மூடிமேல் ஒரு பொட்டு வைத்தாள், துளியூண்டு. கும்பிட்டாள். அதோடு வந்திருக்கலாம். வரும்போது, குழந்தையைக் கன்னத்தில் தட்டிவிட்டு வருகிற மாதிரி, சக்கரத்தை அதே விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டாள். அது சுற்றியது. அதன் அழகைக்கூட நின்று பார்த்தாள். மூடிமேல் வைத்த பொட்டை இன்று காலை வந்ததும் முதல் வேலையாகத் துடைத்தது நினைவிருக்கிறது, சக்கரம் நினைவில்லை. தப்பு செய்தது பக்திதான், கண் இல்லை என்று மனசு மறுபடி வாயைத் திறந்தது, அவள் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் வேறு ஒன்று வந்து மாட்டிக்கொண்டது, துணி முள்ளில் மாட்டுகிற மாதிரி. காலையில் முதல் சுருளில் இதே மங்கலைப் பார்த்தாள். முதல் தடவையே பார்த்தாள். புகை இல்லாத ஒருத்தி இந்த நாற்காலியில் இருந்திருந்தால் அப்போதே மிதியை அழுத்தியிருப்பாள். இவளுக்குக் கண் தெரிந்தது. தெரிந்ததை நம்ப முடியவில்லை. அந்தப் புகையை மறைத்து மறைத்து, கடைசியில் அது கம்பியையும் மறைத்துவிட்டது.

"நாச்சிமுத்தண்ணா" என்றாள். அவர் வந்து கைக்கண்ணாடி வழியாகப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "சந்தனமாக்கும்?" "ஆமாங்." "யாரு வெச்சது?" "நாந்தானுங்." அவர் நிமிர்ந்தார். "வெக்கறது வெச்சே, குங்குமமா வெச்சிருக்கலாமல்ல அம்முணி. செவப்பாத் தெரிஞ்சிருக்கும். தங்கத்து மேல சந்தனத்தை எவன் பாக்கறது?" திட்டுவார் என்று இருந்தவளுக்கு அந்தக் கேலி இன்னும் கனமாக இருந்தது. "இந்தச் சுருளைத் தள்ளிரு. சக்கரத்தைக் கழட்டிக் கழுவோணும்" என்று நகரப் போனார். போகட்டும், போய்விட்டால் முடிந்தது, முதல் சுருள் டப்பாவுக்குள், டப்பா வண்டிக்குள், வண்டி ஊரைத் தாண்டி, கடலைத் தாண்டி, எந்தப் பெட்டிக்குள்ளோ. அங்கே ற வந்த இடமெல்லாம் ஒரு பொறி. யாருடைய சந்தனம் என்று யார் தேடப் போகிறார்கள். "அண்ணா, காத்தால பாஸ் பண்ணுனதும் வேணுங்." "அது ஏன்?" "அதுலயும் இருக்குதுங்." "டப்பா கட்டியாச்சு, வண்டிக்காரன் கேட்டுக்கு வந்துட்டான்." "அதுலயும் இருக்குதுங்கண்ணா." நாச்சிமுத்து அவளையே பார்த்தார். "அப்ப நீ பாக்கலியா?" ஆமாம் பார்க்கவில்லை என்றால் அதோடு போயிற்று, தவறுவது எல்லாருக்கும் உண்டு. "பாத்தனுங்" என்றாள். "பாத்துட்டா உட்டே?" அதைச் சொன்னால் புகையைச் சொல்ல வேண்டும், புகையைச் சொன்னால் நாற்காலி போய்விடும், அவள் டப்பா இருந்த மேஜையைக் கையால் காட்டினாள். மரகதம் எழுந்து டப்பாவைக் கொண்டுவந்து, ஒட்டின டேப்பைக் கிழித்தாள். கிழிகிற சத்தம் அந்த அறைக்குப் பெரிய சத்தம். "காத்தாலிருந்து உங்க மூஞ்சி சரியில்லைன்னு நெனச்சனுங்க்கா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

கதவில் தட்டினார்கள். கண்ணுக்காரங்க வந்துட்டாங்க, மொதல்ல மைக்ராஸ்கோப் ஆளுங்க வாங்க என்று வாட்ச்மேன் குரல். தொப்பியைக் கழற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். வெளியே வெயில். பவுண்டரியிலிருந்து இரும்பு தட்டுகிற சத்தம், அதோடு கால் நடந்தது, கால் நடந்ததோடு பாட்டு வந்தது, கூப்பிடாமலே, ந-ழ-ட-ற, அதை நிறுத்தப் பார்த்தாள், நிறுத்த நிறுத்த அது கால் வழியாக ஏறியது. ப-ல-க-ஞ. கொட்டகையில் சாம்பார் வாசம். தூணில் ஒரு கிளிப்பில் அட்டை தொங்கியது, ஓரத்தில் டீக் கறை. பக்கத்தில் ஊதாக் கோட்டுப் போட்ட பொண்ணு, குச்சியோடு. தரையில் சாக்பீஸ் கோடு. மரகதம் முன்னால் போய் ஒரு கண்ணை மூடிப் படித்தாள், தெளிவாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. காதைத் திருப்பிக்கொள்ள முடியுமா, கண்ணுக்காவது இமை இருக்கிறது. "நல்லாத் தெரியுதுங்க, அடுத்தது வாங்கக்கா." கலாமணி கோட்டுக்கு வந்தாள். நின்றாள். அட்டை எட்டத்தில் இருந்தது, வாய் கிட்டத்தில் இருந்தது, வாய்க்குள் எல்லாம் தயாராக இருந்தது. வெயிலில் ட்யூப்லைட் கண்சிமிட்டி எரிந்தது. அப்பன் "ம்" என்றார். அவள் கோட்டைத் தாண்டி நடந்தாள். "அக்கா, கோட்டுல நில்லுங்க, இங்க எங்க வர்றீங்க?" என்றது பொண்ணு. கலாமணி கிளிப்பை அழுத்தி அட்டையை எடுத்தாள், தலைகீழாகத் திருப்பினாள், மறுபடி கிளிப்பில் மாட்டினாள், கோணாமல் இருக்கிறதா என்று ஒரு விரலால் சரி செய்தாள். "எழுத்தெல்லாம் தலைகீழா இருக்குதே, எப்படிங்கக்கா படிப்பீங்க?" "நேரா இருந்தா எனக்குப் பாட்டு வந்துருது கண்ணு. இதைப் பின்னாலயிருந்து பாட எனக்கு வராது" என்றாள். திரும்பி வந்து கோட்டில் கால் வைத்து, உள்ளங்கையைக் குவித்து, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டாள்.